நெல்லிமரத் துறையா, பாக்குமரத் துறையா?

அக்காவின் குடும்பம் பள்ளி விடுமுறைக்கு மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு, என் வீட்டுக்கு வருகிறது. அம்மாவும் உடன் வருகிறார். இரட்டைக் கோபுரம், பத்துமலை, உறவினர் வீட்டு விருந்துகள் எல்லாம் போக மிஞ்சுவது மூன்று பகலும் இரண்டு இரவும். “பிள்ளைகளுக்குப் பழைய துறைமுக ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும். மலாக்காவா, பினாங்கா? இரண்டையும் புகழ்ந்து நழுவாதே, ஒன்றைச் சொல்” என்று அக்கா கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து வரும் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக இரண்டு ஊர்களுக்கும் போய்வந்து கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர்கள். மலாக்கா என்பது மலாய் மொழியில் நெல்லிமரம். 1400ஆம் ஆண்டை ஒட்டி, சிங்கப்பூரை விட்டு வெளியேறிய பரமேஸ்வரன் என்ற இளவரசர் ஓர் ஆற்றங்கரை மரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியதாம். இவ்வளவு துணிவு விளையும் மண்ணில் ஊர் அமைப்பதென்று முடிவு செய்து, மரத்தின் பெயரையே அவர் சூட்டினார் என்பது கதை. பாஞ்சாலங்குறிச்சியில் முயல் நாய்களை விரட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. பினாங்கு என்றால் பாக்கு. தீவு முழுவதும் பாக்குமரம் நின்றதால் வந்த பெயர். அந்தத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனைத்தான் நாம் பினாங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதனால் ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலாக்கா சுல்தான்கள் எழுப்பிய துறைமுகம். ஐரோப்பியர் வந்து பறித்துக்கொண்டது. ஜார்ஜ் டவுன் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கணக்குக்குத் தொடங்கிய துறைமுகம். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நானூறு ஆண்டு வயது வித்தியாசம் இருக்கிறது. நடந்து பார்த்தால் அது காலுக்கே தெரியும்.

மலாக்காவை வளர்த்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வடகிழக்குக் காற்று சீனத்துக் கப்பல்களைக் கொண்டுவந்தது. ஒரு காற்றில் வந்தவர்கள் திரும்பிப் போக மறு காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மாதக்கணக்கான காத்திருப்பில்தான் கிடங்குகளும் கோயில்களும் மசூதிகளும் கலப்பு மணங்களும் கலப்பு மொழிகளும் பிறந்தன. சுல்தான்கள் அயல்நாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுகத் தலைவர்களை நியமித்திருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கும் அவர்களை அடுத்த நாட்டாருக்கும் ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர். தமிழ் வணிகர்கள் வங்காளத்தாருடனும் பர்மாவின் பெகு வணிகருடனும் சேர்ந்து இன்னொருவரின் பொறுப்பில் இருந்தார்கள். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வரி. கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரிக்குப் பதிலாக அன்பளிப்புச் செலுத்தினார்கள். பழவேற்காட்டில் கப்பலேறிய துணி இங்கே ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறி ஊர் திரும்பியது.

1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கின் படை ஊரைப் பிடித்தது. அந்தப் போரில் போர்ச்சுகீசியருக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சத்து என்பவருக்கு அவர்கள் பெண்டகாரா என்ற உயர்ந்த பதவியைத் தந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்கவும், அவமானம் தாங்காமல் அவர் தீமூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். மலாக்கா ஆற்றுப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அவருக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய வணிகத்துக்குப் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) தலைநகராக இருந்ததால் மலாக்காவை வளரவிடாமல் காவல்தளமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1824 ஆங்கில-டச்சு ஒப்பந்தத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுமையாக வந்தபோது, அவர்களிடம் ஏற்கெனவே பினாங்கும் சிங்கப்பூரும் இருந்தன. இப்படி அடுத்தடுத்து வந்த எசமானர்கள் கைவிட்டதாலேயே மலாக்கா பழைய ஊராக மிஞ்சியது என்பது என் கருத்து. பணம் புரண்டிருந்தால் எல்லாவற்றையும் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

இந்த நான்கு காலங்களையும் அரை நாள் நடையில் பார்த்துவிடலாம் என்பதுதான் மலாக்காவின் பெரிய வசதி. குன்றின் அடியில் போர்ச்சுகீசியக் கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல்; மற்றதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களே தகர்த்துவிட்டார்கள். மேலே கூரையற்று நிற்கும் புனித பவுல் தேவாலயம். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டுபோகப்படும் முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. குன்றின் மறுபக்கம் இறங்கினால் டச்சுக்காரர்களின் சிவப்பு அலுவலகமும் 1753இல் கட்டி முடித்த சிவப்பு தேவாலயமும்.

குன்றின் மேல் நின்றால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “கடல் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் இந்தக் குன்றின் காலடியில் அலை அடித்தது. இன்று கடலைத் தூர்த்த நிலத்தில் கடை வளாகங்களும் ஓட்டல்களும் நிற்கின்றன. நீலம் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரிகிறது. துறைமுகத்தைப் பார்க்க வந்து கடலைத் தேடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. வார இறுதியில் போனால் வருத்தம் இரண்டு மடங்காகும். ஜோங்கர் தெருவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவுச் சந்தை. தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பொம்மைகளால் மூடிய ரிக்‌ஷாக்கள் ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டுப் போகின்றன. செவ்வாயோ புதனோ காலை எட்டு மணிக்கு அதே தெருவில் நில்லுங்கள். ஐந்தடி நடைபாதையின் ஓடுகளைக் கழுவிவிடும் பாட்டிகளும், கதவு திறந்திருக்கும் வீடுகளின் உள்முற்றத்தில் விழும் வெயிலும் கண்ணில் படும். செட்டிநாட்டு வீட்டு முற்றம் தெரிந்தவர்கள் அந்த வெளிச்சத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதே காலையில் துக்காங் எமாஸ் தெருவுக்கும் போய்விடுங்கள். பொற்கொல்லர் தெரு என்று பொருள். டச்சுக்காரர்கள் செட்டி சமூகத்துக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளி 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் மசூதி: அடுக்கடுக்கான கூரை, சீனக் கோபுரம் போன்ற மினார், ஐரோப்பியத் தூண்கள். இன்னும் சில அடி நடந்தால் 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். ‘கிளிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்து, நம்மவரைக் குறித்து, பின்னர் வசைச்சொல்லாகிப் போனது. இன்று யாரும் அதை மரியாதையாகச் சொல்வதில்லை. ஆனால் மசூதியின் பெயரில் அதன் பழைய பொருளிலேயே நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு மலாக்கா என்றால் காஜா பெராங் பகுதியில் இருக்கும் செட்டிகளின் கிராமம்தான். சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். தமிழ் போய்விட்டது, வீட்டில் பேசுவது மலாய். உடுப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் மலாய் முறையில், அல்லது உள்ளூரோடு கலந்துபோன சீன வழியினரான பெரானக்கான் முறையில். ஆனால் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது, பெயரில் பிள்ளை இருக்கிறது, போகியன்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். அதற்குப் ‘பார்ச்சு’ என்று பெயர். மே மாதம் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவை ‘டத்தோ சச்சார்’ என்கிறார்கள். சச்சார் என்றால் அம்மை. மொழியை இழந்த பிறகும் தெய்வத்தின் பொருளை அவர்கள் இழக்கவில்லை. முதல்முறை அங்கே போனபோது ஒரு பெரியவர் என்னிடம் மலாயில் நலம் விசாரித்துவிட்டு, கோயிலுக்குள் அழைத்துப்போய்த் திருநீறு எடுத்துக் கொடுத்தார். இருவரும் பேசிக்கொள்ளப் பொதுவாக இருந்தது எனது அரைகுறை மலாய்தான். அந்தப் பிற்பகலுக்கு ஈடான ஒன்றை எந்த அருங்காட்சியகத்திலும் நான் பெற்றதில்லை.

இனி பினாங்கு.

1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கம்பெனிக்காகத் தீவில் கொடியேற்றினார். எதிர்க்கரை நாடான கெடாவின் சுல்தான் படைத்துணையை எதிர்பார்த்துத் தீவைக் கொடுத்தார், துணை வரவில்லை, 1791இல் மீட்க முயன்று தோற்றார். அடித்தளத்தில் இப்படியொரு வாக்குத் தவறல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஊரைக் காட்ட வேண்டும். லைட் துறைமுகத்துக்குச் சுங்கம் இல்லை என்று அறிவித்ததும் ஆட்கள் குவிந்தார்கள். அவர் போட்ட முதல் சில தெருக்களிலேயே ஒன்று சூலியா தெரு. சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். நாம் இந்த ஊருக்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல என்பதற்கு அந்தத் தெருப்பெயரே சாட்சி.

சூலியாக்களின் தலைவர் காதிர் முகைதீன் கட்டுவித்த கப்பித்தான் கிளிங் மசூதி 1801இல் எழுந்தது. அதே சாலையில் சீனரின் குவான் யின் கோயில், சாலைக் கோடியில் 1818இன் புனித ஜார்ஜ் தேவாலயம். அடுத்த தெருவில், 1833ஆம் ஆண்டைத் தொடக்கமாகச் சொல்லும் மகாமாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா உண்டு. கடல் கடந்து வந்தவர்கள் நாகூரை நினைத்து எழுப்பியது. இன்றும் அங்கே ஊதுவத்தி மணக்கிறது.

மலாக்காவோடு ஒப்பிடும்போது பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மார்க்கெட் தெருவில் நின்று தமிழில் விலை கேட்கலாம், தமிழில் பதில் வரும். பூக்காரர், நகைக்கடைக்காரர், காசு மாற்றுபவர், பாத்திரக் கடை, பலகாரக் கடை என்று தெரு முழுவதும் பிழைப்பு நடக்கிறது. பினாங்குத் தெருப் பக்கம் நகரத்தாரின் கிட்டங்கிகள் என்ற பொதுத் தொழிற்கூடங்களில் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டித்தொழில் செய்தார்கள். காரைக்குடிப் பக்கத்தில் செய்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேற்றிக் கொண்டுவந்த அவர்களுடைய வெள்ளிரதம் தைப்பூசத்துக்கு இன்றும் ஊர்வலம் போகிறது. தண்ணீர்மலையில் முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

எங்கள் குடும்பத்துக்கும் இந்த ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாவின் பெரியப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். இரண்டாண்டு துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். கூலிகளுக்காகத் தோளில் காவடிபோல் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து வந்து விற்ற சாப்பாட்டைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பாராம். அந்தத் தோள்கம்புக்கு மலாயில் கந்தார், சோறு நாசி. இன்று வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கந்தாரின் பிறப்பு அதுதான். நான்கு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக் கொடுப்பார்கள். முதல் முறை பார்ப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். இரண்டாம் கவளத்தில் காரணம் புரியும்.

பினாங்கில் கடலைத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலேயரின் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்துத் துறையில் இன்றும் பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கின்றன. மறுகரையான பட்டர்வொர்த்திலிருந்து படகு வந்துபோகிறது. நீருக்குமேல் கம்பம் நட்டுப் பலகை போட்டு வாழும் சீனக் குலத்தவரின் துறைகளில், சியூ துறையை மட்டுமாவது மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே வீடுகளுக்குள் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

பினாங்குக்கும் காயம் உண்டு. பழைய கடைவீடுகளில் எளியவர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது நீங்கியதும் வாடகை ஏறியது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பிறகு அந்த வீடுகள் காபிக்கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. 2012இல் ஒரு ஓவியர் சுவர்களில் வரைந்த குழந்தைகளின் ஓவியங்கள் அழகானவைதான். ஆனால் அவற்றோடு படம் எடுக்க நிற்கும் வரிசையில் ஒரு மணி நேரத்தைச் செலவிடுவதற்குப் பதில், பிரம்பு பின்னும் கடையோ பூ தொடுக்கும் கடையோ திறந்திருக்கும்போதே போய்ப் பார்ப்பது மேல்.

எனினும் பரப்பு கைகொடுக்கிறது. யுனெஸ்கோவின் எல்லைக்குள் மலாக்காவின் மையப்பகுதி 45 ஹெக்டேர். ஜார்ஜ் டவுனுடையது 109. கூட்டம் ஒரு தெருவை விழுங்கினாலும் அடுத்த தெரு தன் போக்கில் இருக்கும்.

பயணச் சிரமத்தைப் பார்த்தால் மலாக்காவுக்குத்தான் மதிப்பெண். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 145 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்; ஊருக்குள் ரயில் கிடையாது. பினாங்குக்கு பட்டர்வொர்த் வரை ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல், பிறகு படகு. நான் ரயிலையே சொல்வேன்: அந்தப் படகில் நின்றபடி ஊர் மெல்ல நெருங்கி வருவதைப் பார்ப்பது, துறைமுக நகருக்குள் நுழைய வேண்டிய முறை. தங்குமிடம் பற்றி ஒரே எச்சரிக்கை. இரண்டு ஊரிலும் பழைய கடைவீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். ஏணி போன்ற மரப்படிகள். ஒருமுறை அம்மாவை அப்படியொரு விடுதியின் இரண்டாம் மாடியில் தங்கவைத்துவிட்டேன். மூட்டு வலியோடு அவர் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் மனம் சுடுகிறது. பெரியவர்கள் உடன் வந்தால் தரைத்தள அறை உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வெயில் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பிற்பகலில் மழை வரலாம். காலை பத்தரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

வியட்நாமின் ஹோய் ஆன் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் குடியேறி வாணிகம் செய்த அந்த ஆற்றுத்துறை, ஆறு தூர்ந்து வணிகம் டா நாங்குக்கு நகர்ந்ததால் அப்படியே உறைந்து நின்ற ஊர். கண்ணுக்கு மூன்றிலும் அழகானது அதுதான். அருகில் மீ சோனில் சம்பா மன்னர்களின் சிவன் கோயில்கள் உண்டு. ஆனால் அதற்குத் தனிப் பயணம் வேண்டும். அக்காவின் மூன்று நாளில் அது அடங்காது. அக்டோபர், நவம்பரில் வெள்ளம் தெருவுக்குள் வரும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

அக்காவுக்கு என் பதில் பினாங்கு. பிள்ளைகள் இருவரும் பாடப்புத்தகத்தில் ராஜேந்திர சோழனின் கடாரம் படித்தவர்கள். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு தொட்ட அந்தக் கெடா, படகைத் தாண்டி வடக்கே காரில் போகும் தூரத்தில் இருக்கிறது. ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களையும் மெர்போக் அருங்காட்சியகத்தையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய துறையைக் காலையில் பார்த்துவிட்டு, மாலையில் இன்னும் மூச்சுவிடும் துறையில் தேநீர் குடிக்க வேறெங்கே முடியும்? மைத்துனர் சாப்பாட்டுப் பிரியர். அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு வேண்டும், பேச்சுத்துணைக்குத் தமிழ் வேண்டும். இந்த மூன்றுக்கும் பினாங்கில் தட்டுப்பாடு இல்லை. ஒரே ஓர் இரவு மட்டும் கையில் இருப்பவர்களும், தனியாக வருபவர்களும், வார நாளில் வர முடிந்தவர்களும், வரலாற்றை அடுக்கடுக்காகப் பார்க்க ஆசைப்படுபவர்களும் மலாக்காவுக்குப் போகட்டும். சனி, ஞாயிறு மட்டுமே முடியும் என்றால் மலாக்கா வேண்டாம்.

ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அக்கா ஊர் திரும்பிய பிறகும் அம்மா என்னோடு மே மாதக் கடைசி வரை இருப்பார். டத்தோ சச்சார் திருவிழாவுக்கு அவரைக் காஜா பெராங்குக்கு அழைத்துப் போகிறேன். மலாய் பேசும் பெண்கள் மாரியம்மன் முன் கைகூப்பி நிற்பார்கள் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவர்களுக்குக் கொடுக்க மதுரையிலிருந்து என்ன கொண்டுவரலாம்?” என்று கேட்டார். தாழம்பூக் குங்குமம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.